காலா கொலோரிட்சே: நடந்து போவதா, படகு பிடிப்பதா, வேறு கடற்கரையா?

போன வாரம் தோழி ஒருத்தி போன் செய்தாள். செப்டம்பர் கடைசியில் குடும்பத்தோடு இத்தாலியின் சர்தீனியா தீவுக்குப் போகிறாள். அவள், கணவர், பத்து வயது மகன், அறுபத்தாறு வயது மாமியார் என்று நான்கு பேர். தீவின் கிழக்குக் கரையில் மூன்று நாள் தங்கல். "அந்த ஊசிப்பாறை நிக்கிற குட்டிக் கடற்கரை இருக்கே, அதுக்கு நடந்துதான் போகணும்னு ஒருத்தர் சொல்றார். படகுலயே போயிடலாம்னு இன்னொருத்தர் சொல்றார். யாரை நம்புறது?" என்று கேட்டாள்.

அந்த ஊசிப்பாறைக் கடற்கரைதான் காலா கொலோரிட்சே. முதலாமவர் சொன்னது அதற்குப் பொருந்தும். அங்கே சுற்றுலாப் படகு கரையைத் தொடவே கூடாது. இரண்டாமவர் அநேகமாகப் பக்கத்தில் இருக்கும் காலா மரியோலுவைத்தான் சொல்லியிருப்பார். அதற்கு நடந்து போவது பழக்கமில்லாதவர்களுக்கு ஆகாது. இன்னும் வடக்கே காலா லூனா இருக்கிறது. அதற்கு இரண்டு வழியிலும் போகலாம். படத்தில் பார்த்தால் மூன்றும் அக்கா தங்கைகள் மாதிரிதான் தெரியும். நேரில் போகும்போதுதான் மூன்றும் நம்மிடம் கேட்பது வெவ்வேறு என்று புரியும்.

நான் அந்தப் பக்கம் இரண்டு தடவை போயிருக்கிறேன். ஒரு தடவை ஜூலை, ஒரு தடவை செப்டம்பர். அவளுக்குப் போனில் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

## முதலில் இடத்தைப் புரிந்துகொள்வோம்

சர்தீனியாவின் கிழக்குக் கரையில் ஓரோசெய் வளைகுடா. வடக்கே காலா கொனோனே என்ற சின்னத் துறைமுக ஊர், தெற்கே சாந்தா மரியா நவர்ரேசே, அதையும் தாண்டி அர்பதாக்ஸ். இவற்றுக்கு நடுவே கடலோரச் சாலையே கிடையாது. சுண்ணாம்புக்கல் மலை செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது. மலையைப் பிளந்துகொண்டு வரும் பள்ளத்தாக்குகள் கடலைத் தொடுகிற இடங்களிலும், பாறை சரிந்து விழுந்த இடங்களிலும் மட்டும் கொஞ்சம் கரை ஒதுங்கியிருக்கிறது. அந்த மாதிரிச் சிறு குடாவைத்தான் அங்கே 'காலா' என்கிறார்கள். சாலை வர முடியாததால் ஓட்டலும் வரவில்லை. இந்தக் கரை இன்னும் கெடாமல் இருப்பதற்கு முதல் காரணம் அதுதான்.

ஒல்பியா விமான நிலையத்திலிருந்து காலா கொனோனேவுக்குக் காரில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். கல்யாரியில் இறங்கினால் தெற்கிலிருந்து பவுனெய் என்ற மலையூருக்கு இரண்டு, இரண்டரை மணி நேரம். வடக்கு ஊரிலிருந்து தெற்கு ஊருக்குப் போக 125-ஆம் எண் மலைச்சாலையில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறி இறங்க வேண்டும். வரைபடத்தில் விரல்கடை தூரம், வண்டியில் ஒன்றரை மணி நேரம். ஆகவே எந்தப் பக்கம் தங்குகிறீர்கள் என்பதே பாதி முடிவு. கொலோரிட்சே நடைக்குத் தெற்கு, லூனாவுக்கு வடக்கு. மரியோலுவுக்கு எந்தப் பக்கமிருந்தும் படகு உண்டு.

## எதை வைத்து முடிவெடுப்பது

அழகை வைத்து முடிவெடுக்க முடியாது. மூன்றுமே அழகு. நான் பார்ப்பது இவற்றை:

திரும்பும் வழி. போவது எப்படியும் நடந்துவிடும். திரும்புவதற்கு ஒரு வழிதானா, அது அடைபட்டால் இரண்டாவது வழி உண்டா? எனக்கு இதுதான் முதல் கேள்வி. மற்றவை எல்லாம் இதற்குப் பிறகு.

கரையில் உண்மையில் கிடைக்கும் நேரம். இது கிழக்குப் பார்த்த கரை, பின்னால் உயரமான மலை. மதியம் தாண்டியதும் மலை நிழல் மெல்லக் கரையின் மேல் ஏறிவிடும். செப்டம்பரில் இது இன்னும் சீக்கிரம். காலை வெயிலில் பச்சையும் நீலமுமாக மின்னும் தண்ணீர் சாயங்காலம் கருநீலமாகிவிடும். அதனால் காலை பத்து மணிக்குக் கரையில் இருப்பதும் மதியம் மூன்று மணிக்கு இருப்பதும் ஒன்றல்ல.

காற்று. சர்தீனியாவில் எல்லோரும் பயப்படுவது மாயெஸ்த்ராலே என்ற வடமேற்குக் காற்றுக்கு. இந்தக் கரைக்கு மலை மறைப்பு இருப்பதால் அது பெரும்பாலும் தொல்லை தராது. தொல்லை கிழக்கிலிருந்து வரும் லெவாந்தேயும் தென்கிழக்கிலிருந்து வரும் ஷிரோக்கோவும்தான். நம் மீனவர்கள் கொண்டல் என்று சொல்லும் அதே கீழைக்காற்று. அது கிளம்பினால் அலை நேராகக் கரையில் வந்து மோதும், படகுகள் நின்றுவிடும்.

உடம்பு. முழங்கால், வெயில் தாங்கும் சக்தி, படகில் வாந்தி வருமா வராதா, நீச்சல் தெரியுமா.

முழுச் செலவு. டிக்கெட் விலை மட்டுமல்ல. எரிபொருள், வண்டி நிறுத்தம், முன்பணம், ரத்தானால் கைவிட்டுப் போகும் ஒரு நாள் எல்லாம் சேர்ந்துதான் செலவு.

## கொலோரிட்சேவுக்கு நடந்து போவது

இந்தக் கரை பழையது அல்ல என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம். 1962-இல் மலைச்சரிவு ஒன்று பாறைகளைக் கொண்டுவந்து கொட்டியதில் உருவான கடற்கரை இது. மேலே மோந்தே கரோத்தி என்ற ஊசிப்பாறை 143 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. பாறையேறிகள் அதில் தொங்கிக்கொண்டிருப்பது கீழிருந்து பார்த்தால் வண்ணப் புள்ளிகளாகத் தெரியும். வலது ஓரத்தில் கடலுக்குள் கால் வைத்த இயற்கையான கல் வளைவு. 1990-களில் இதை இயற்கைச் சின்னமாக அறிவித்துப் பாதுகாத்தார்கள். 2025-இல் உலகின் சிறந்த கடற்கரைகள் என்று வெளியான பட்டியல் ஒன்றில் இது முதலிடத்தில் இருந்தது. அதற்குப் பிறகு கூட்டம் கேட்கவே வேண்டாம்.

கூட்டத்தைக் கட்டுப்படுத்த நல்ல ஏற்பாடு இருக்கிறது. நாளொன்றுக்கு 250 பேருக்குத்தான் அனுமதி. கட்டணம் ஆறேழு யூரோதான், ஆனால் கைபேசிச் செயலியில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். மோட்டார் படகுகள் கரையிலிருந்து சில நூறு மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும். "படகில் கொலோரிட்சே" என்று விற்கும் பயணங்களில் மிதவைக்கு வெளியே நிறுத்திக் காட்டுவார்கள், அவ்வளவுதான். காசு கொடுக்கும் முன் 'கரையில் இறங்குவோமா' என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

நடை தொடங்குவது பவுனெய்க்கு மேலே கோல்கோ பீடபூமியில், சு போர்தெட்டு என்ற இடத்தில். பவுனெயிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளாக ஏறும் குறுகிய சாலை, கடைசியில் கொஞ்சம் மண் சாலை. வண்டி நிறுத்தத் தனிக் கட்டணம். அங்கிருந்து மூன்றரை கிலோமீட்டர் இறக்கம். வழி தவறாது, ஆனால் முழுக்கக் கல். ஒரு வளைவில் ஜூனிப்பர் கட்டைகளைக் கூம்பாகச் சாய்த்துக் கட்டிய பழைய இடையர் குடில் வரும். ஆடுகளின் கழுத்து மணிச் சத்தம் எங்கிருந்தோ கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு மணி நேரத்தில், அல்லது சற்றுக் கூட எடுத்துக்கொண்டு, இறங்கிவிடலாம்.

ஏறுவதுதான் கணக்கு. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 470 மீட்டர் உயரம். பழநி மலையை மூன்று தடவைக்கு மேல் ஏறுவதாக வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் வெட்டிய படி இல்லாமல். சாதாரண உடல்நிலை உள்ளவருக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரம். முதல் தடவை நாங்கள் ஜூலையில் ஒன்பதரைக்கு இறங்கத் தொடங்கி, மதியம் ஒரு மணிக்கு ஏறத் தொடங்கினோம். வெள்ளைக் கல் வெயிலை அப்படியே முகத்தில் திருப்பி அடித்தது. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் எடுத்துப் போயிருந்தோம். பாதி வழியிலேயே தீர்ந்துவிட்டது. என் கணவருக்குக் கால் தசை இழுத்துக்கொண்டு, நிழல் கிடைத்த ஒரு மரத்தடியில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மேலேயிருந்து வந்த ஓர் இத்தாலியக் குடும்பம் அரை பாட்டில் தண்ணீர் கொடுத்தது. அந்த அரை பாட்டில் இல்லாவிட்டால் என்ன செய்திருப்போம் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன். வழியிலோ கரையிலோ கடை இல்லை, குடிநீர்க் குழாய் இல்லை, கழிப்பறை இல்லை. ஆளுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையவே கூடாது, கோடையில் மூன்று. செருப்புப் போட்டு வராதீர்கள், நல்ல பிடிப்புள்ள மூடிய காலணி வேண்டும்.

இரண்டாம் தடவை செப்டம்பரில் காலையிலேயே இறங்கிவிட்டோம். கரைக்குப் போனபோது இருபது பேர்கூட இல்லை. கரையோரம் நீந்தும்போது திடீரென்று வயிற்றில் ஜில்லென்று ஒரு தண்ணீர் இழை தொட்டுப் போகும். மலைக்குள் ஊறிய நல்ல தண்ணீர் கடலுக்கு அடியில் ஊற்றாக வெளிவருகிறது. நீச்சல் கண்ணாடி போட்டுக் கீழே பார்த்தால், டம்ளரில் சர்க்கரை கரையும்போது தெரியும் நெளிவு மாதிரி, நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலக்கும் இடம் நெளிந்துகொண்டிருக்கும். அந்த நெளிவுக்காகவே இன்னொரு தடவை 470 மீட்டர் ஏறுவேன்.

மறைந்திருக்கும் விலை: திரும்ப ஒரே வழிதான். காலில் சுளுக்கு வந்தால் மீட்புக் குழுவை அழைப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. அவசர எண் 112. பாறை அடியில் விரிப்புப் போடாதீர்கள். மேலே ஆடுகள் மிதித்தாலும் கல் உருளும், இந்தக் கரையே மலைச்சரிவில் பிறந்தது என்பதை மறக்க வேண்டாம். லெவாந்தே அடிக்கும் நாளில் நடந்து போக முடியும், ஆனால் தண்ணீரில் இறங்க முடியாது.

யாருக்குப் பொருந்தும்: முழங்கால் நல்லபடியாக இருந்து, அதிகாலை எழுந்திருக்கத் தயாராக இருப்பவர்களுக்கு. மே, ஜூன் தொடக்கம், செப்டம்பர் சரியான காலம். ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய வாரங்களில் இத்தாலியே விடுமுறையில் இருக்கும், அப்போது தவிர்த்துவிடுங்கள்.

## மரியோலுவுக்குச் சுற்றுப் படகில் போவது

காலா மரியோலுவின் பெயருக்குப் பின்னால் ஒரு கதை சொல்வார்கள். முன்பு இந்தக் கரையில் கடல்நாய்கள் வாழ்ந்தன. அவை வலையைக் கிழித்து மீனைத் தின்றுவிடும். போன்சா தீவிலிருந்து வந்த மீனவர்கள் அவற்றை 'திருடன்' என்ற பொருளில் மரியோலு என்று திட்டினார்களாம். உள்ளூர்க்காரர்கள் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், இஸ்புலிஜிதேனியே. கரையில் கிடக்கும் பொடிப்பொடி வெள்ளைக் கற்களைப் பனித்துகளுக்கு ஒப்பிடும் பெயர். கடல்நாய்கள் இன்று அங்கே இல்லை. கல் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, மீன்கள் கால் அருகே வந்து போகின்றன. மூக்குக்குழாய் போட்டு மிதப்பதற்கு மூன்றிலும் இதுவே சிறந்த இடம் என்பது என் கருத்து.

காலா கொனோனே, சாந்தா மரியா நவர்ரேசே, அர்பதாக்ஸ் மூன்றிலிருந்தும் காலையில் படகுகள் கிளம்புகின்றன. ஒரே நாளில் மூன்று நான்கு குடாக்களைக் காட்டுவார்கள். பருவத்தைப் பொறுத்து ஆளுக்குச் சுமார் 40 முதல் 60 யூரோ. படகின் அணியத்தை, அதாவது முன்முனையை, கரையில் முட்டவைத்து ஒரு பலகை போடுவார்கள், அதில் நடந்து இறங்க வேண்டும். கடல் அமைதியாக இருந்தால் குழந்தைகூட இறங்கிவிடும். லேசாக அலை இருந்தாலும் பலகை ஏறி இறங்கும். வயதானவர்களுக்கு இது நடைபாதையை விடப் பயமான இடம்.

குறை என்னவென்றால், நேரம் உங்கள் கையில் இல்லை. பல குடாக்களைச் சுற்றும் படகில் ஒவ்வொரு கரையிலும் ஒன்று, ஒன்றரை மணி நேரம் கிடைத்தால் அதிகம். விரிப்புப் போட்டு, ஈர உடையை மாற்றி, ஒரு முறை நீந்திவிட்டு வருவதற்குள் ஊதல் சத்தம் கேட்கும். மற்ற படகுகளும் அதே நேரத்துக்கே வந்து சேர்வதால், பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரை ஒதுக்குப்புறக் கரை என்ற உணர்வே இருக்காது. 'ஆள் நடமாட்டமில்லாத கடற்கரை' என்பதுதான் உங்கள் ஆசை என்றால், சுற்றுப் படகில் அது நிறைவேறாது. பல இடத்தைப் பார்க்க வேண்டும் என்பது ஆசை என்றால் இதைவிட நல்ல வழி இல்லை. கடலிலிருந்து பார்த்தால்தான் அந்த மலைச்சுவரின் உயரமே புரியும்.

மறைந்திருக்கும் விலை: காற்று மாறினால் காலையில்தான் ரத்துச் செய்தி வரும். பணம் திரும்பி வந்தாலும் அந்த நாள் திரும்பாது. ஆகவே படகு நாளைப் பயணத்தின் கடைசி நாளில் வைக்காதீர்கள். மலைப்பாதை வழியாக மரியோலுவிலிருந்து ஏறி வருவது கயிறு பிடித்து ஏறிப் பழகியவர்களின் வேலை, அதை மாற்று வழியாகக் கணக்கில் வைக்க வேண்டாம்.

யாருக்குப் பொருந்தும்: நடக்க முடியாதவர்கள், ஒரே நாள்தான் இருக்கிறது என்பவர்கள், மீன் பார்க்க ஆசைப்படும் குழந்தைகள்.

## காலா லூனா: படகும் உண்டு, பாதையும் உண்டு

மூன்றில் அளவில் பெரியது இது. ஏறக்குறைய 800 மீட்டர் நீள மணல் கரை. வடக்கு ஓரத்தில் வரிசையாகப் பெரிய குகைகள், வாய் திறந்து கடலைப் பார்த்தபடி. வெயில் உச்சத்தில் அவற்றுக்குள் உட்கார்ந்தால் தரை மணல் ஈரமாகக் குளிர்ந்திருக்கும். கரைக்குப் பின்னால் பள்ளத்தாக்கு ஓடை தேங்கி நிற்கும் குட்டை, அதைச் சுற்றி அரளிச் செடிகள். செவ்வரளி பூத்திருப்பதைத் தூர தேசத்தில் பார்க்கும்போது வீட்டுத் தோட்டம் நினைவுக்கு வந்துவிட்டது எனக்கு. கரைக்குப் பின்னால் சாப்பாட்டுக் கடை ஒன்றும் இருக்கிறது. அது சிலருக்குக் குறையாகத் தெரியலாம். வயதானவர்களோடு போகிறவர்களுக்கு அது பெரிய நிம்மதி.

காலா கொனோனேவிலிருந்து நேரே லூனாவுக்கு மட்டும் போய் வரும் படகுகள் உண்டு. முழு நாள் சுற்றுப் படகை விட இது மலிவு. முக்கியமான விஷயம், காலைப் படகில் போய் மாலைப் படகில் திரும்பலாம். நாள் முழுக்கக் கரை உங்களுடையது.

நடந்து போக வேண்டுமானால், சாலை முடியும் காலா ஃபுயிலியிலிருந்து நாலு கிலோமீட்டர் கரடுமுரடான பாதை, இரண்டு மணி நேரம். கொலோரிட்சே போல ஒரே ஏற்றமாக இல்லாமல் ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போகும். ஒரு பக்கம் நடந்து, மறுபக்கம் படகில் வருவதுதான் எனக்குப் பிடித்தது. காலையில் நடை, உடம்பு சூடேறியதும் கடல், மாலையில் படகில் காலை நீட்டி உட்கார்ந்து நடந்து வந்த மலைப்பாதையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே திரும்புவது.

என் முதல் கேள்விக்கு, அதாவது திரும்ப இரண்டாவது வழி உண்டா என்பதற்கு, மூன்றில் லூனா மட்டுமே சரியான பதில் சொல்கிறது. படகு நின்றுவிட்டால் நடந்து வரலாம், கால் வலித்தால் படகு பிடிக்கலாம். அதனால் படகில் போனாலும் பையில் நல்ல காலணி ஒரு ஜோடி இருக்கட்டும். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதை இறங்கும்போதே படகுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அறிவிப்புப் பலகையில் போட்டிருக்கும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும்.

குறை ஒன்று உண்டு. ஜூலை, ஆகஸ்டில் இங்கே கூட்டம் அதிகம். பெரிய கரை என்பதால் தெற்குப் பக்கம் நகர்ந்துவிட்டால் கொஞ்சம் தனிமை கிடைக்கும், அவ்வளவுதான்.

## வாடகைக்கு ரப்பர் படகு எடுத்து நாமே ஓட்டுவது

கொம்மோனே என்பார்கள், காற்றடைத்த ரப்பர் படகு. இத்தாலியில் ஏறக்குறைய 40 குதிரைத்திறன் வரை எஞ்சின் உள்ள படகை ஓட்ட உரிமம் வேண்டியதில்லை. ஐந்தாறு பேர் சேர்ந்து எடுத்தால் சுற்றுப் படகுச் செலவுதான் ஆகும். காலை எட்டரைக்கே கிளம்பிவிட்டால், பெரிய படகுகள் வரும் முன் மரியோலு நமக்கு. சுதந்திரம் என்றால் இதுதான் என்று தோன்றும்.

ஆனால் பத்து நிமிடச் செயல்விளக்கத்தோடு கடலில் விடுகிறார்கள் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். குளிப்பவர்கள் இருக்கும் இடத்துக்குள் எஞ்சினோடு நுழையக் கூடாது. கரையிலிருந்து 200, 300 மீட்டர் வெளியே மிதவை போட்டிருக்கும், அதைத் தாண்டினால் அபராதம். அப்படியானால் கரைக்கு எப்படிப் போவது? நங்கூரம் போட்டுவிட்டு நீந்த வேண்டும், ஒருவராவது படகில் காவல் இருக்க வேண்டும். நங்கூரத்தையும் மணல் தரை பார்த்துத்தான் போட வேண்டும். பொசிதோனியா என்ற கடற்புல் வெளியில் போட்டால் அது வேரோடு பிடுங்கிக்கொண்டு வரும். மீன்குஞ்சுகள் வளர்வது அந்தப் புல்லில்தான். கரையில் பழுப்பு நாடா மாதிரி குவிந்து கிடப்பதும் அதன் உதிர்ந்த இலைகளே. அதைக் குப்பை என்று நினைத்து முகம் சுளிக்காதீர்கள், கரை மண்ணை அலை அரிக்காமல் அந்தக் குவியல் காக்கிறது.

பணக் கணக்கும் சொன்ன வாடகையோடு முடியாது. எரிபொருள் தனி. கடன் அட்டையில் முன்பணம் பிடித்து வைப்பார்கள், டெபிட் அட்டை பல இடங்களில் செல்லாது. நாங்கள் எடுத்த படகைத் திருப்பிக் கொடுத்தபோது எஞ்சின் விசிறியில் கீறல் என்று முன்பணத்தில் ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டார்கள். அந்தக் கீறல் நாங்கள் எடுக்கும் முன்பே இருந்தது என்று நிரூபிக்க எங்களிடம் எதுவும் இல்லை. எடுக்கும்போதே விசிறி, அடிப்பக்கம், ரப்பர் ஓரம் மூன்றையும் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எரிபொருள் முள்ளையும் சேர்த்து.

மதியத்துக்கு மேல் கடல்காற்று எழும்பும்போது எதிர் அலையில் திரும்புவது முதல் தடவை ஓட்டுகிறவருக்குப் பெரிய சோதனை. கடலோரக் காவல் படையின் எண் 1530, கைபேசியில் போட்டு வையுங்கள்.

யாருக்குப் பொருந்தும்: முன்பு படகு ஓட்டியவர் ஒருவராவது கூட இருந்தால், எல்லோருக்கும் நீச்சல் தெரிந்தால். இல்லையென்றால் படகோட்டியோடு சேர்த்து எடுங்கள், விலை கூடும், மனம் நிம்மதி.

(கயாக் பற்றியும் கேட்பார்கள். காலா கொனோனேவிலிருந்து லூனாவரை துடுப்புப் போடலாம், நிறையப் பேர் செய்கிறார்கள். கைப்பழக்கமும் அமைதியான கடலும் இருந்தால் மட்டும்.)

## ஒரே பார்வையில்

| | கொலோரிட்சே நடை | மரியோலு சுற்றுப் படகு | காலா லூனா | ரப்பர் படகு |
|---|---|---|---|---|
| திரும்பும் வழி | ஒன்று, செங்குத்து ஏற்றம் | ஒன்று, கடல் | இரண்டு | ஒன்று, உங்கள் கையில் |
| கரையில் நேரம் | விருப்பம்போல், ஏற்றத்துக்கு 2 மணி ஒதுக்கிவிட்டு | 1 முதல் 1½ மணி | நாள் முழுக்க | விருப்பம்போல், நீந்திப் போகத் தெரிந்தால் |
| கிழக்குக் காற்றில் | நடக்கலாம், குளிக்க முடியாது | ரத்து | படகு ரத்து, பாதை திறந்திருக்கும் | கிளம்பவே கூடாது |
| செலவு | மிகக் குறைவு | ஆளுக்கு 40–60 யூரோ | நடுத்தரம் | கூடுதல், எரிபொருளும் முன்பணமும் தனி |
| தனிமை | காலையில் நிறைய | குறைவு | பருவத்தைப் பொறுத்து | அதிகாலையில் நிறைய |
| முழங்கால் வலிக்கு | வேண்டாம் | பலகையில் கவனம் | படகில் போகலாம் | ஏறி இறங்கக் கடினம் |

எந்த வழியில் போனாலும் ஒன்று பொது. அந்த வெள்ளைக் கல்லில் ஒன்றைக்கூட எடுத்து வராதீர்கள். மணல், கூழாங்கல், சிப்பி எடுப்பதற்கு 2017 முதல் 500 முதல் 3,000 யூரோ வரை அபராதம் விதிக்கிறார்கள். விமான நிலையத்திலும் துறைமுகத்திலும் சோதனை உண்டு. 2019-இல் பிரெஞ்சுத் தம்பதி ஒன்று பாட்டில்களில் 40 கிலோ மணலோடு துறைமுகத்தில் பிடிபட்டது. குழந்தைகளின் சட்டைப் பையைக் கிளம்பும் முன் ஒரு தடவை தடவிப் பார்த்துவிடுங்கள். கொண்டுபோன பிளாஸ்டிக், பழத்தோல் எல்லாம் திரும்பப் பைக்குள். குப்பைத்தொட்டி அங்கே இல்லை.

## தோழிக்கு நான் சொன்னது

அவள் மாமியாருக்குப் போன வருடம்தான் ஒரு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. ஆகவே நால்வரும் சேர்ந்து போகும் நாள் காலா லூனாவுக்கு. காலை முதல் படகு, மாலைப் படகில் திரும்புதல். அத்தைக்குக் குகை நிழல், மகனுக்கு மணல், சாப்பாட்டுக்கு அலைய வேண்டாம். இதை முதல் நாளே வைத்துக்கொள்ளச் சொன்னேன். காற்று கெடுத்தால் மாற்றிக்கொள்ள இன்னும் இரண்டு நாள் கையில் இருக்கும்.

இரண்டாம் நாள் பவுனெய்க்கு இடம் மாறிவிட்டு, மூன்றாம் நாள் அதிகாலை அவளும் மகனும் மட்டும் கொலோரிட்சேவுக்கு. பத்து வயதுப் பையன் ஏறிவிடுவான், ஆனால் அவனுக்கான இரண்டு லிட்டரையும் அவள்தான் சுமக்க வேண்டியிருக்கும். பதினொன்றரைக்குக் கரையை விட்டுக் கிளம்பிவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

"அதுவரைக்கும் அத்தையும் அவரும் வண்டியிலேயே உட்கார்ந்திருக்கணுமா?" என்று கேட்டாள். தேவையே இல்லை. அதே கோல்கோ பீடபூமியில் சான் பியெத்ரோ தேவாலயம் இருக்கிறது. வெள்ளையடித்த சின்னக் கோயில், சுற்றிலும் யாத்திரிகர் தங்கும் சிறு அறைகள், முகம் செதுக்கிய மிகப் பழைய கல் ஒன்று, பருத்து முறுக்கிய ஒலிவ மரங்கள். அருகிலேயே சு ஸ்தெர்ரு என்ற பாதாளக் குழி, 270 மீட்டர் ஆழம், வேலி போட்டு வைத்திருக்கிறார்கள். ஒலிவ மரத்தடியில் உட்கார்ந்தால் ஆடுகள் வந்து போவதைப் பார்த்துக்கொண்டே மதியம்வரை பொழுது போய்விடும்.

இரவே கொலோரிட்சேவுக்கு இரண்டு டிக்கெட் பதிவு செய்துவிட்டு படம் அனுப்பினாள். கூடவே ஒரு கேள்வி: தண்ணீர் எத்தனை குளிராக இருக்கும்? செப்டம்பர் கடைசியில் 23, 24 டிகிரி இருக்கும். நம் கடல் மாதிரி வெதுவெதுப்பாக இருக்காது, ஆனால் இறங்கி ஐந்து நிமிடத்தில் பழகிவிடும். ஊற்று இருக்கும் இடத்தில் மட்டும் பையன் கத்துவான்.